இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

1943 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. தோக்கியோ நேரப்படி காலை எட்டு மணி பத்து நிமிடம். ஜப்பான்காரன் கடிகார முள்ளைத் தள்ளி வைப்பதற்கு முந்தைய எங்கள் நேரப்படி ஆறு நாற்பது. தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. பாலிங் சுண்ணாம்பு மலையை இடுப்பு வரை மூடுபனி மறைத்திருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு மோசடி செய்தேன். சாமி முன்னால் வைக்கும் இரண்டு பொட்டலங்களில் ஒன்றில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்புப் பூவும் கட்ட வேண்டியவன், இரண்டிலும் சிவப்பையே கட்டினேன்.

அதனால் ஒரு மனிதன் சயாமுக்குப் போனான். திரும்பி வரவில்லை.

ஏன் அப்படிக் கட்டினேன் தெரியுமா? ஓர் ஆட்டுக்காக!

சிரிப்பு வருகிறதா? வரட்டும். இதுவரை யாரிடமும் சொல்லாததால், இதைக் கேட்டு மனிதர்கள் சிரிப்பார்களா காறித் துப்புவார்களா என்பது எனக்கே தெரியாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார், பால்வெட்டு நின்றுவிட்டது, என் மாணவர்கள் முப்பத்தெட்டு பேரும் மரவள்ளி நடப் போய்விட்டார்கள். ஜப்பானிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, தோட்டத்துக்கு வரும் அறிவிப்புகளைப் படித்துச் சொல்வதுதான் எனக்கு மிச்சமிருந்த வேலை. அதற்கு வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற நாள்களில் மலைக்குப் போனேன்.

அதை மலை என்று சொல்வதே தவறு... தண்ணீர் தின்றுவிட்டு மிச்சம் வைத்த கல் அது. அரிவாள்மணைகளை அருகருகே நிறுத்தி வைத்தாற்போல் கூரான பாறைகள். இரண்டு கூருக்கு நடுவே ஆள் இறங்கினால் ஏற முடியாத பிளவு. பெய்கிற மழை ஒரு சொட்டுகூட மேலே நிற்காது. குழிகளுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். மேலே நிற்பவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவன் காலுக்கு அடியில் எங்கோ ஓடை சலசலக்கும்! அந்த ஒலியைப் பின்பற்றியே நான் முதன்முதலில் ஏறினேன். ஓடையைக் கடைசிவரை காணவில்லை.

மனிதர்கள் போட்ட பாதை, எரு அள்ளுகிற வௌவால் குகையோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருந்தவை எல்லாம் விலங்குகள் போட்ட பாதைகள். போகப் போக அவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். பன்றியின் பாதை முட்செடிகளுக்குள் குனிந்தே போகும். உடும்பு போன இடத்தில் வால் இழுத்த கோடு இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் தரையையே மதிப்பதில்லை. அவற்றின் பாதை அத்திமரக் கிளைகளில்தான். இருவாச்சிகள் இரைச்சலோடு தலைக்கு மேல் பறந்தால், அந்தத் திசையில் பழுத்த மரம் ஒன்று நிற்கிறது என்று பொருள்.

இவை எதிலும் சேராத ஒரு பாதை இருந்தது. செங்குத்துப் பாறையின் வயிற்றில், ஓர் அடி அகலத்துக்கு, தேய்த்து மெருகேற்றியதுபோல் வழவழப்பாக... கல்லின் விளிம்பில் கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது. யார் இங்கே நடக்கிறார்கள்?

மலாய்க்காரர்கள் கம்பிங் குருன் என்பார்கள். நாங்கள் மலையாடு என்போம். கழுதை உயரம், கரிய உடம்பு, பிடரியில் நரைத்த மயிர், பின்னோக்கி வளைந்த குட்டைக் கொம்பு. அது கூட்டம் சேராது. எத்தனை தூரம் மேய்ந்தாலும் ஒரே இடத்துக்கு வந்துதான் புழுக்கை போடும். அந்தக் குவியலில் ஈரம் காயாதவற்றை மட்டும் எண்ணி, அது வந்துபோய் எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்குப் போடுவேன். பைத்தியக்காரத்தனம்தான்! ஆனால் ஊரே பட்டினியில் பேச்சற்றுக் கிடந்த அந்த நாள்களில், என் மூளைக்குக் கிடைத்த ஒரே சோறு அது.

என்னைப் பித்துப் பிடிக்க வைத்த புதிர் இதுதான். பாறையின் நடுவே ஒரு மேடை. பத்தடி நீளம் இருக்கும். மேலேயும் கீழேயும் இரு பக்கமும் சுவர். வர வழியில்லை, போக வழியில்லை. ஆனால் விடியும்போது அந்தப் பெட்டையாடு அங்கே நிற்கும். பக்கத்தில் அதன் குட்டி. எதிர்ப் பாறையில் குப்புறப் படுத்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணில் வழியும் வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மேடை காலியாக இருக்கும்! பதினான்கு காலைகள் அதைக் கண்டேன். பதினான்கு முறையும் ஏமாந்தேன்.

அந்த மேடைக்குச் சற்று மேலே, வேறொரு பக்கத்திலிருந்து ஏறினால், ஒரு குகை உண்டு. ஆடும் குட்டியும் வெயில் நேரத்தில் படுக்கும் இடம். காய்ந்த தரை, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர். ஒரு மனிதன் கால் நீட்டிப் படுக்கலாம். கீழேயிருந்து யாருக்கும் தெரியாது. அதற்கு ஏறும் வழி, எனக்குத் தெரிந்தவரை, என்னைத் தவிர வேறு மனிதர் எவருக்கும் தெரியாது.

அதை ஒருவரிடம் மட்டும் பெருமையடித்துக்கொண்டேன்.

கோவிந்தன் அண்ணன். என் அடுத்த வீட்டுக்காரர், பால்வெட்டுத் தொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பன்றிக்கும் சருகுமானுக்கும் கண்ணி வைப்பதில் அவரைப்போல் ஆள் கிடையாது. மனைவி அஞ்சலை அண்ணி. ஐந்து வயதில் ஒரே பெண், செல்லம்மா. தனியாள் என்று என்னைப் பார்த்து, அவித்த மரவள்ளியில் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கிற குடும்பம்.

"என்ன வாத்தியாரே, பிள்ளைங்க எல்லாம் ஓடிப்போச்சுன்னு இப்ப ஆட்டுக்குப் பாடம் நடத்துறீங்களா?" என்று கேலி செய்வார். புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெட்டி, பாறையில் வழுக்காமல் இருக்க எனக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அந்த ஆண்டு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். "மூணு மாச வேலை. நாளுக்கு ஒரு வெள்ளி. வயிறு நெறைய அரிசிச் சோறு" என்று பெரிய கங்காணி, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயம் ஒவ்வொன்றிலும் சொல்லிக்கொண்டு போனார். முதல் லாரி போய் ஏழு வாரமாயிற்று. போனவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இரண்டாவது லாரி சனிக்கிழமை வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆண் ஏற வேண்டும் என்று அறிவிப்பு. அதைப் படித்துச் சொன்னவன் நான்தான். வாத்தியார் தோட்டத்துக்குத் தேவை என்பதால் எனக்கு விலக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் கோவிந்தன் அண்ணன் வந்தார்.

"வாத்தியாரே, அந்தக் குகைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஒரு மாசம் கெடந்தாப் போதும் லா. லாரி வந்துட்டுப் போயிடும். கேட்டா, ராவோட ராவா ஓடிட்டான்னு சொல்லிடுங்க."

"ஒரு மாசம் சாப்பாட்டுக்கு என்னண்ணே செய்வீங்க?"

"எனக்கா கேக்குறீங்க? கண்ணிக் கம்பி ரெண்டு சுருள் வச்சிருக்கேன்." பிறகு என் முதுகில் தட்டிச் சிரித்தார். "உங்க மாணவிதான் மேல இருக்காளே, தாயும் பிள்ளையுமா! கறி தின்னு எத்தனை மாசமாச்சு, போங்க!"

நான் சிரிக்கவில்லை.

விளையாட்டுக்குத்தான் சொன்னாரா? இந்தக் கேள்வியை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன்! விளையாட்டாகவே இருக்கட்டும். ஒரு மனிதன் அந்தக் குகையில் படுத்தால் அவன் வாடைக்கே ஆடு திரும்பி வராது. விளையாட்டில்லை என்றால் முதல் வாரத்திலேயே கண்ணியில் தொங்கும். இரண்டில் எது நடந்தாலும் என் புதிர் அவிழாது... அது எப்படி மேடைக்கு வருகிறது, எப்படிப் போகிறது என்பதை நான் ஒருநாளும் அறிய மாட்டேன்.

இதைத்தான் அப்போது நினைத்தேன். அவருடைய உயிரை நினைக்கவில்லை. சயாமில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியாதுதான். ஆனால் ஏழு வாரமாகக் கடிதம் வராததன் பொருளைக் கணக்குத் தெரிந்த ஒருவன் ஊகித்திருக்க மாட்டானா?

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழி செய்துகொடுத்தது அஞ்சலை அண்ணி.

மலையடிவாரத்து முனியாண்டியைக் கேட்காமல் தோட்டத்து ஆள் யாரும் மலையில் தங்க மாட்டார்கள். "மேல போய் விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது? சாமிகிட்ட பூக்கட்டிப் பார்த்துடுவோம். வெள்ளை வந்தா மலை; சிவப்பு வந்தா லாரி" என்றார் அண்ணி. கோவிந்தன் அண்ணனும் ஒப்புக்கொண்டார். வீட்டு ஆள் பூக்கட்டக் கூடாது. குளித்துவிட்டு வந்த வெளியாள் கட்ட வேண்டும். எடுப்பது குழந்தையின் கை.

"வாத்தியார் தம்பியே கட்டட்டும். படிச்ச பிள்ளை, ஓரவஞ்சனை செய்யாது" என்றார் அண்ணி.

காலையில் குளித்தேன். முனியாண்டி மேடைக்குப் பின்புறமிருந்த வேலியில் செம்பருத்தி இரண்டு பறித்தேன். நந்தியாவட்டை ஒன்று பறித்தேன். பாருங்கள், பறிக்கும்போதே இரண்டு, ஒன்று! ஆகவே, திடீரென்று புத்தி கெட்டுவிட்டது என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இலைக் கீற்றில் ஒரு சிவப்பை வைத்து மடித்து வாழைநாரால் கட்டினேன். இன்னொரு கீற்றை விரித்தேன். வெள்ளைப் பூ உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியிருந்தது. அதைக் காலடியில் போட்டுச் செருப்பால் மண்ணுக்குள் அழுத்தினேன். அந்த ரப்பர்ச் செருப்பால்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பூ என்பது பூதான். யாரும் எதுவும் சொல்வதில்லை, தற்செயல்தான் பேசுகிறது என்று நான் வகுப்பில்கூடச் சொன்னதுண்டு. இல்லாத சாமியின் வாயை அடைப்பதில் என்ன பாவம்? இப்படி ஒரு வாதம் அப்போது உள்ளே ஓடியது. நம்பிக்கை இல்லாதவன் செய்த மோசடி சாமியிடம் அல்ல, அந்த மூன்று பேரிடம் என்பது அப்போது உறைக்கவில்லை.

செல்லம்மா முதலில் இடப்பக்கம் கையை நீட்டினாள். பிறகு மாற்றி வலப்பக்கத்தை எடுத்தாள். அண்ணி பிரித்தார். செம்பருத்தி.

பிறகு அண்ணியின் கை, தன்னையறியாமல், மற்றப் பொட்டலத்தை நோக்கிப் போயிற்று.

"அதைப் பிரிக்கக் கூடாது அண்ணி! சாமி குத்தம்!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் அடிவாரத்து ஓடையில் வீசினேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விடுவதுதான் முறை, முறையைத்தான் செய்தேன்!

கோவிந்தன் அண்ணன் பெருமூச்சு விட்டார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "சரி, விடு. மலை வேணாங்குது" என்றார் மனைவியிடம். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய கேலி வந்துவிட்டது.

"உங்க ஆடு பொழச்சுச்சு போங்க, வாத்தியாரே!"

சனிக்கிழமை அவர் லாரி ஏறினார். எங்கள் தோட்டத்திலிருந்து அன்று முப்பத்தொரு பேர்.

செவ்வாய்க்கிழமை நான் மலையில் இருந்தேன்.

இதைத்தான் சொல்லக் கூசுகிறது. பூக்கட்டியதைவிட இதைச் சொல்லத்தான் கூசுகிறது. அன்று காலை புதிர் அவிழ்ந்தது! ஆடு மேடையில் நின்றது. குட்டி துள்ளி விளையாடியது. ஓரத்தில் தொங்கிய அத்திவேர்களுக்குள் குட்டி தலையை நுழைத்தது... உடம்பு மறைந்தது... வேர்த்திரைக்குப் பின்னால் பாறையில் ஒரு பிளவு! தாய் கழுத்தைச் சாய்த்து, கொம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நம் வீட்டுக் கதவில் நுழைகிற மாதிரி நிதானமாக நுழைந்தது. சற்று நேரத்தில், பாறையின் மறுபுறத்தில், இருபது அடி உயரத்தில், கல் சரியும் ஓசை. மலைக்குள்ளேயே படிக்கட்டு வைத்துக்கொண்டு வாழ்கிறது அந்தப் பிராணி!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். குப்புறப் படுத்தபடி பாறையைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த காலைகள் மிகக் குறைவு. அந்த நேரத்தில் கோவிந்தன் அண்ணன் என் நினைவில் இல்லவே இல்லை. கேட்டீர்களா? இல்லவே இல்லை!

மறுநாள் நானே அந்தப் பிளவுக்குள் நுழைந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் வாடை உள்ளே தங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு ஆடு மேடைக்கு வரவில்லை. புழுக்கைக் குவியல் காய்ந்து பூசணம் பூத்தது.

சண்டை முடிந்த பிறகு, அன்று லாரி ஏறிய முப்பத்தொரு பேரில் நான்கு பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சலை அண்ணியிடம் சொன்னார்: மழைக்காலத்தில் முகாமில் வாந்திபேதி, கோவிந்தன் இரண்டே நாளில் போய்விட்டார். அண்ணி கேட்டுவிட்டு, "சாமி காட்டின வழியாச்சே..." என்று மட்டும் சொன்னார். அது புகாரா, ஆறுதலா? நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு லூனாசில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் கேளுங்கள். மலையேறத் தெரியாத மனிதர், விழுந்து செத்திருப்பார். அவர் ஒளிந்திருந்தால் அவருக்குப் பதில் வேறொருவனை ஏற்றியிருப்பார்கள். வெள்ளைப் பூவை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் குழந்தை சிவப்பையே எடுத்திருக்கலாம், இரண்டில் ஒன்று... இந்த மூன்றாவது சமாதானத்தைக் கட்டிக்கொண்டுதான் நெடுங்காலம் தூங்கினேன். பாதிக் குற்றம்தானே என்று! ஆனால் அடுத்த கீற்றில் வெள்ளை இருந்திருந்தால், மனம் மாறிய அந்தக் குழந்தையின் கை, எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளும் வழியையே அல்லவா நான் மண்ணில் மிதித்தேன்!

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக லூனாஸ் போனேன். பந்தியில் பரிமாறிய பெண் என்னையே பார்த்தாள். நரைத்த தலை, கோவிந்தன் அண்ணனின் அதே அகன்ற நெற்றி.

"பாலிங் தோட்டத்து வாத்தியார் மாமாதானே? நான் செல்லம்மா."

அண்ணி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சாப்பாடு முடிந்து வாசலில் உட்கார்ந்து பேசினோம். கல்யாண வீட்டுப் பெண்கள், அந்த மாதக் கூட்டுப் பணம் யாருக்கு என்று டப்பாவில் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, உங்க பேருக்கும் ஒண்ணு எடுங்க" என்று ஒருத்தி டப்பாவை நீட்டினாள். செல்லம்மா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவங்க எடுக்க மாட்டாங்க லா, தெரியாதா?" என்று இன்னொருத்தி சிரித்தாள். "புடவைக் கடையில ரெண்டு புடவை காட்டினாக்கூட மகதான் எடுத்துக் குடுக்கணும்!"

அவர்கள் போன பிறகு செல்லம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள். "முதல்ல வேற பொட்டலத்துக்குத்தான் மாமா கை போச்சு. நான்தான் மாத்தி எடுத்தேன். அம்மா ஒரு நாளும் என்னைத் திட்டல. ஆனா, மாத்தாம இருந்திருந்தா அப்பா மலைக்குப் போயிருப்பாரு, இல்ல?"

என்னைத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆளிடம் கேட்டாள்.

என் வாய் திறந்தது. வெளியே வந்தது என்ன தெரியுமா?

"சாமி குடுத்ததும்மா. உன் கையில என்ன இருக்கு?"

தலையசைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன்.

அன்றிலிருந்து, இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு லூனாசுக்குப் போய்வருகிறேன். அவள் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பற்றி, முட்டி வலியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஏழு முறை. ஒவ்வொரு முறையும் கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுகிறேன். அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது; இனி சொல்லி அவளுக்கு என்ன லாபம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. லாபம் இருக்கிறது! கையை மடியிலிருந்து எடுத்து ஒரு சீட்டையாவது அவள் எடுப்பாளே... எனக்கு அது தெரிகிறது; தெரிந்தும் எழுந்து வந்துவிடுகிறேன்.

வேலை போகவில்லை எனக்கு, ஓய்வூதியம் குறையவில்லை, ஊர் மரியாதை அப்படியே இருக்கிறது. இந்தக் குற்றத்துக்காக என் கையிலிருந்து இதுவரை செலவானது, பாலிங்கிலிருந்து லூனாசுக்குப் போக வரப் பேருந்துக் கட்டணம்: முதல் நான்கு முறை நான்கு வெள்ளி நாற்பது காசு வீதம்; கட்டணம் ஏறிய பிறகு மூன்று முறை ஐந்து வெள்ளி இருபது காசு வீதம். மொத்தம் முப்பத்துமூன்று வெள்ளி இருபது காசு.